வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம்



திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு வெப்பத்தைப் பற்றி எவரும் புதிதாகப் பாடம் சொல்லத் தேவையில்லை. சித்திரைத் திங்களில் மலைக்கோட்டைப் பாறை பகல் முழுதும் காய்ந்து, பொழுது சாய்ந்த பின்னரும் அனல் வீசுவதை நீங்கள் அறிவீர்கள். அதே மாவட்டத்தில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் குளிர்ந்து கிடக்கிறது. கீழே 38 டிகிரி. மேலே 20 டிகிரி. இயற்பியல் பயில்வோர் இவ்விரண்டையும் தனித்தனியே காண்பதில்லை. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே காண்கின்றனர். ஏனெனில், வெப்பம் இருப்பதனால் மட்டும் வேலை நடந்துவிடாது. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் இறங்கும்போதே சக்கரம் சுழல்கிறது. அதுபோலவே, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு வெப்பம் இறங்கும்போதே அதனிடம் வேலை வாங்க முடியும். இவ்வுண்மையை 1824-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ எடுத்துரைத்தார்.

நம்மைச் சுற்றி இவ்வாறு இறங்கி வீணாகும் வெப்பம் கொஞ்சமன்று. பித்தளை வார்க்கும் உலை, சாயப்பட்டறையின் கொதிகலன், லாரியின் புகைக்குழாய், வீட்டின் விறகடுப்பு ஆகிய யாவும் தாம் பெற்ற வெப்பத்தில் பெரும் பங்கைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன. நீராவியும் சுழலியும் இல்லாமல், அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லாமல், இவ்வெப்பத்தை நேரே மின்சாரமாக்க இயலுமா? இயலும். இவ்வுண்மை தெரிந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. தெரிந்தும் அது ஏன் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை, அத்தடையை நீக்க இற்றைநாள் அறிவியல் என்ன செய்கிறது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

1821-ஆம் ஆண்டில் தாமஸ் சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர், இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பிற்று. வெப்பம் உலோகத்திற்குக் காந்தத் தன்மையை ஊட்டுகிறது என்றே அவர் கருதினார். வளையத்தில் மின்னோட்டம் பாய்கிறது என்றும், அம்மின்னோட்டமே ஊசியைத் திருப்புகிறது என்றும் விளக்கியவர் டென்மார்க் நாட்டு ஓர்ஸ்டெட். பின்னர் 1834-இல், கடிகாரத் தொழிலிலிருந்து அறிவியலுக்கு வந்த பெல்டியே என்னும் பிரெஞ்சுக்காரர் இதன் மறுபக்கத்தைக் கண்டார். இணைப்பின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிரவும் காணலாம் என்பது அவர் கண்ட உண்மை.

இதனைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு செம்புக் கம்பியையும் ஒரு கான்ஸ்டன்டன் கம்பியையும் இரு முனைகளிலும் முறுக்கி இணையுங்கள். ஓர் இணைப்பைப் பனிக்கட்டி நீரிலும், மற்றதைக் கொதிநீரிலும் வையுங்கள். செம்புக் கம்பியை இடையில் வெட்டி, அங்கே ஒரு மில்லிவோல்ட்மானியைச் சேர்த்தால், அது நான்கு மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும்.

இம்மின்னழுத்தம் எங்கிருந்து வந்தது? சூடான முனையில் எலெக்ட்ரான்கள் விரைந்து இயங்குகின்றன; குளிர்ந்த முனையில் மெல்ல இயங்குகின்றன. ஆதலின் பொதுவாகச் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் நோக்கி அவை மிகுதியாகப் பரவுகின்றன. ஒரு பக்கத்தில் மின்னூட்டம் கூடுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. இதுவே முனைகளுக்கிடையே மின்னழுத்தமாகிறது. இன்னும் நுட்பமான காரணங்களும் உண்டு. அவற்றை மேல் வகுப்பில் கற்பீர்கள்.

ஆயினும் செம்பைத் தனியே எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி வேறுபாட்டிற்கு அது தருவது ஏறத்தாழ இரண்டு மைக்ரோவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. இதைக்கொண்டு வெப்பமானி செய்யலாம், விளக்கேற்ற முடியாது. இந்நிலை மாறியது குறைகடத்திகள் வந்த பின்னரே. உலோகத்தைப் போல எலெக்ட்ரான்கள் நெருங்கிக் கிடக்காமல், கண்ணாடியைப் போல அறவே இல்லாமலும் போகாமல், இடைப்பட்ட அளவில் அவற்றைக் கொண்டவை குறைகடத்திகள். பிஸ்மத் டெல்லுரைடு என்னும் குறைகடத்தி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 200 மைக்ரோவோல்ட் தருகிறது. செம்பு தருவதினும் நூறு மடங்கு.

சோவியத் நாட்டின் ஆப்ரம் யோஃபே என்னும் அறிஞர் குறைகடத்திகளின் இவ்வாற்றலை முன்னின்று ஆராய்ந்தார். அந்நாட்டில் மின்சாரம் எட்டாத சிற்றூர்களுக்கென 1950-களில் ஒரு கருவி பரவிற்று. மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக்கு மேலே குறைகடத்தித் துண்டுகள் வட்டமாக அமைக்கப்பட்டிருந்தன. அவற்றின் வெளிப்புறத்தில் குளிர்விக்கும் தகடுகள் விரிந்து நின்றன. விளக்கு அறைக்கு ஒளி தந்தது. அதன் அனல் வானொலிப் பெட்டிக்கு மின்சாரம் தந்தது. நேயர்களே, வெப்ப மின்சாரத்தால் எளிய மக்கள் முதலில் பெற்ற பயன்களுள் வானொலியும் ஒன்று என்பது நாம் மகிழத்தக்க செய்தியன்றோ!

இனி, ஒரு சிறு கணக்கு. எலெக்ட்ரான் மிகுந்த வகைத் துண்டு ஒன்றையும், எலெக்ட்ரான் குறைந்து துளைகள் மிகுந்த வகைத் துண்டு ஒன்றையும் ஓர் இணையாகச் சேர்ப்போம். நூறு டிகிரி வேறுபாட்டில் ஒவ்வொன்றும் 20 மில்லிவோல்ட் தரும். இணை ஒன்றுக்கு 40 மில்லிவோல்ட். கடைகளில் கிடைக்கும் உள்ளங்கை அளவான தகட்டில் இத்தகைய 127 இணைகள் வரிசையாக அமைந்திருப்பது வழக்கம். ஆகவே மொத்தம் ஏறத்தாழ 5 வோல்ட். சுமையை இணைத்தால் இதில் பாதியளவே கிடைக்கும். எனினும் ஒரு சிறு விளக்கிற்கு அது போதும்.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? தடை மின்னழுத்தத்தில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருக்கும் வரையில்தான் மின்சாரம் உண்டு. அதே துண்டு வெப்பத்தை எளிதில் கடத்திவிட்டால் இரு முனைகளும் விரைவில் ஒரே சூட்டை அடைந்துவிடும். அல்லது வேறுபாட்டைக் காக்க வேண்டி வெப்பத்தை வாரி இறைக்க நேரும். எனவே நமக்கு வேண்டிய பொருள், மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்த வேண்டும். வெப்பத்தையோ கடத்தவே கூடாது. இயற்கையில் இவ்விரு குணங்களும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. உலோகத்தில் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரானே வெப்பத்தையும் சுமக்கிறது. இவ்வுறவை வீடெமான், ஃபிரான்ஸ் என்னும் இருவர் 1853-இலேயே அளந்து காட்டினர். செம்பில் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும்.

குறைகடத்தியில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. அங்கே வெப்பத்தின் பெரும்பகுதியை எலெக்ட்ரான்கள் சுமப்பதில்லை. அணுக்களின் அதிர்வு அலைகளே சுமக்கின்றன. இவ்வலைகளை ஃபோனான் என்பர். மின்சாரத்தைச் சுமப்பவர் ஒருவர், வெப்பத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்றால், ஒருவரை விட்டு மற்றவரைத் தடுக்கும் வழி இருக்கக்கூடும் அன்றோ?

திண்டுக்கல் மக்களுக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பூட்டையே எண்ணிப் பாருங்கள். பூட்டினுள் லீவர் என்னும் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. உரிய சாவி நுழைந்தால் தகடுகள் யாவும் உரிய அளவு உயர்ந்து வழிவிடும். வேறு சாவி நுழைந்தால் அசைய மறுக்கும். எலெக்ட்ரானுக்குத் திறந்து ஃபோனானுக்குத் திறவாத ஒரு பூட்டைப் படிகத்தினுள் அமைக்க வேண்டும் என்பதே இத்துறையின் முழு முயற்சியும் ஆகும். எலெக்ட்ரானுக்குப் படிகமாகவும் ஃபோனானுக்குக் கண்ணாடியாகவும் விளங்கும் பொருள் வேண்டும் என்று கிளென் ஸ்லாக் என்னும் அமெரிக்க அறிஞர் 1990-களில் இக்குறிக்கோளை எடுத்துரைத்தார்.

பூட்டு எவ்வளவு நல்லது என்பதை அளக்க ஓர் எண் உண்டு. அதனைத் தகுதி எண் என்போம். ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, மின்கடத்துதிறனாலும் தனி வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். பிஸ்மத் டெல்லுரைடின் சிறப்பை 1954-இல் கோல்ட்ஸ்மிட் என்னும் அறிஞர் இங்கிலாந்தில் எடுத்துக்காட்டினார். அதன் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் இந்தத் தகுதி எண் ஒன்றை ஒட்டியே நின்றுவிட்டது. பலர் சோர்ந்து வேறு துறைகளுக்குச் சென்றனர்.

1993-இல் ஹிக்ஸ் என்பவரும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியை மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ் அம்மையாரும் ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். பொருளை மிக மெல்லிய படலமாகவோ மிக நுண்ணிய இழையாகவோ ஆக்கினால் தகுதி எண்ணைப் பெரிதும் உயர்த்தலாம் என்று கணக்கிட்டுக் காட்டினர். இங்கே நுண்மை என்பது நானோமீட்டர் அளவு; ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு கூறு. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நாம் பேசுவதோ ஐந்து, பத்து, ஐம்பது நானோமீட்டர்.

இவ்வளவு நுண்மையில் என்ன நிகழ்கிறது? சிலிக்கானில் வெப்பம் சுமக்கும் அலைகள் பல, மோதலின்றி நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தொலைவு செல்லக்கூடியவை. எலெக்ட்ரான்களோ அதனினும் மிகக் குறுகிய தொலைவிலேயே எதன்மீதேனும் மோதித் திரும்புகின்றன. எனவே ஐம்பது நானோமீட்டருக்கு ஒரு தடுப்பு வைத்தால், நெடுந்தொலைவு ஓடும் அலை ஒவ்வொரு தடுப்பிலும் முட்டிச் சிதறும். குறுந்தொலைவு நடக்கும் எலெக்ட்ரானுக்கு அத்தடுப்பு பெருந்தொல்லையாகாது. இது வெறும் கற்பனையன்று. 2008-இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ 50 நானோமீட்டர் குறுக்களவும் கரடுமுரடான மேற்பரப்பும் கொண்ட சிலிக்கான் இழைகளின் வெப்பக் கடத்துதிறன், பருமனான சிலிக்கானின் நூறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. வெப்ப மின்சாரத்திற்கு உதவாது என ஒதுக்கப்பட்டிருந்த சிலிக்கானின் தகுதி எண், அறை வெப்பநிலையில் 0.6 ஆக உயர்ந்தது.

இத்தகைய நுண்ணமைப்புகளை ஆக்கும் முறைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, அரைத்தல். எஃகுக் குண்டுகள் உருளும் கலத்தில் பொருளை நெடுநேரம் அரைத்து நுண்பொடியாக்கி, காற்றுப் படாமல் சூட்டோடு அழுத்திக் கட்டியாக்குவர். 2008-இல் பாஸ்டன் கல்லூரியினரும் மாசசூசெட்ஸ் கழகத்தாரும் பிஸ்மத் ஆன்டிமனி டெல்லுரைடை இவ்வாறு ஆக்கி, 100 டிகிரி செல்சியஸில் 1.4 என்னும் தகுதி எண்ணைப் பெற்றனர். இரண்டாவது, வளர்த்தல். வேண்டிய உப்புகளை நீரில் கரைத்து, மூடிய எஃகுக் கலத்தில் 180 டிகிரியைப் போன்ற சூட்டில் பல மணி நேரம் வைத்தால் நுண்படிகங்கள் தாமே வளரும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவந்தான். மூன்றாவது, உறையச் செய்தல். உருகிய கலவை குளிரும்போது, பாகு ஆறுகையில் கற்கண்டு மணிகள் தோன்றுவதுபோல, ஒரு பொருளினுள் மற்றொரு பொருளின் நுண்மணிகள் பிரிந்து படியும். எம்முறையாயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சூடு மிஞ்சினால் நுண்மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும்; அரும்பாடுபட்டுச் செய்த பூட்டு அழிந்துவிடும்.

இத்துறையில் இந்தியரின் பங்கு சிறிதன்று. வங்கத்தைச் சேர்ந்த கனிஷ்க பிஸ்வாஸ், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கனட்சிடிஸ் குழுவினருடன் உழைத்து, 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஈய டெல்லுரைடில் மூன்று அளவுகளில் தடைகள் வைக்கப்பட்டன. அணு அளவில் சோடியம் கலக்கப்பட்டது. நானோ அளவில் ஸ்ட்ரான்ஷியம் டெல்லுரைடு மணிகள் பதிந்தன. அதனினும் பெரிய அளவில் படிகத் துகள்களின் எல்லைகள் அமைந்தன. குறுகிய அலை, இடைப்பட்ட அலை, நெடிய அலை ஒவ்வொன்றிற்கும் ஒரு தடை. தகுதி எண் 915 கெல்வினில் 2.2 ஆயிற்று. பின்னர் அவர் பெங்களூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். அங்கே அவர்தம் குழுவினர், ஈயம் கலவாத வெள்ளி ஆன்டிமனி டெல்லுரைடில் சிறிதளவு காட்மியம் சேர்த்தனர். தாறுமாறாகக் கிடந்த அணுக்கள் சில நானோமீட்டர் அளவிலான இடங்களில் ஒழுங்குபட்டன. அவ்வொழுங்கு எலெக்ட்ரானுக்கு வழிவிட்டு வெப்ப அலையைத் தடுத்தது. 2021-இல் வெளியான அவ்வாய்வு 573 கெல்வினில் 2.6 என்னும் எண்ணைத் தந்தது.

மாணவர்களே, எண்கள் உயர்வதைக் கேட்டு மயங்குதல் எளிது. அவ்வெண்ணை நம்பத்தக்கதாக ஆக்குவதே அரிது. தகுதி எண் ஒரே அளவையால் கிடைப்பதன்று. மின்னழுத்தம், மின்கடத்துதிறன், வெப்பக் கடத்துதிறன் என மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். மூன்றிலும் பத்து விழுக்காடு பிழை ஒரே பக்கம் சாய்ந்தால் என்னவாகும்? மின்னழுத்தம் இருமுறை பெருக்கப்படுவதால், உண்மையில் ஒன்றாக உள்ள தகுதி எண் ஏறத்தாழ ஒன்றரையாகத் தோன்றும்! படிகம் ஒரு திசையில் ஒரு குணமும் மறு திசையில் வேறு குணமும் உடையதாயிருந்தால், மூன்றையும் ஒரே திசையில் அளக்காவிடில் விடை பொய்யாகும்.

இதற்கு ஒரு வரலாறு சான்றாக உண்டு. 2014-இல் வெள்ளீய செலினைடின் ஒற்றைப் படிகம் 923 கெல்வினில் 2.6 என்னும் எண்ணைத் தந்ததாக அறிவிக்கப்பட்டது. துகள்களால் ஆன அதே பொருளில் எல்லைகள் பல இருப்பதால் வெப்பம் இன்னும் குறைவாகவே கடக்க வேண்டும். ஆனால் பல ஆய்வுக்கூடங்களில் அது கூடுதலாகக் கடந்தது. எங்கே பிழை என்று அறிஞரிடையே ஐயம் எழுந்தது. 2021-இல் தென்கொரிய, அமெரிக்க ஆய்வாளர்கள் விடை கண்டனர். துகள்களின் மேற்பரப்பில் படிந்த வெள்ளீய ஆக்சைடு என்னும் மெல்லிய துருவே வெப்பத்திற்கு வழியாக இருந்தது. அதனை நீக்கியதும், துகள் வடிவப் பொருளே 783 கெல்வினில் 3.1 என்னும் எண்ணைத் தந்தது. ஒவ்வாத அளவை ஒன்றை மறைக்காமல், அதன் காரணத்தைத் தேடியமையால் வந்த வெற்றி அது.

இனி, உலக வழக்கில் இதன் பயன் யாது? இதனையும் மிகைப்படுத்தாமல் சொல்வோம். சூடான பக்கம் 500 கெல்வினும் குளிர்ந்த பக்கம் 300 கெல்வினும் இருந்தால், கார்னோவின் விதிப்படி எந்தப் பொறியும் 40 விழுக்காட்டுக்கு மேல் பெற முடியாது. தகுதி எண் ஒன்றாயின் வெப்பத்தில் 8 விழுக்காடே மின்சாரமாகும். இரண்டாயின் ஏறத்தாழ 12 முதல் 13 விழுக்காடு. மூன்றாயின் 15 விழுக்காடு. பெரிய அனல்மின் நிலையத்தோடு இது போட்டியிடாது. நம் சமவெளியின் வெயிலுக்குச் சூரிய ஒளித் தகடே ஏற்றது. மேலும் டெல்லூரியம் பொன்னினும் அரிதாகவே நிலவுலகில் கிடைப்பது. ஆதலின் கந்தகம், வெள்ளீயம், மக்னீசியம், சிலிக்கான் போன்ற மலிந்த பொருள்களால் நல்ல வெப்ப மின்பொருள் ஆக்குவது இனிவரும் ஆய்வாளர்க்குரிய பெரும்பணியாகும்.

ஆயினும், பிறர் கைவிட்ட வெப்பம் கிடைக்கும் இடத்தில் எட்டு விழுக்காடும் இலாபமே. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள், புளூட்டோனியத்தின் வெப்பத்தைச் சிலிக்கான்–ஜெர்மானியம் இணைகளால் மின்சாரமாக்கி, கதிரவன் ஒளி மங்கிய தொலைவிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி அனுப்பியுள்ளன. பழுதாக அசையும் உறுப்பில்லாமையே காரணம். மண்ணுலகிலும் அதே குணம் எளியோர்க்கு உதவும். விறகடுப்பின் பக்கவாட்டில் வைத்த தகட்டின் வழியே 100 வாட் வெப்பம் சென்றால், ஐந்து விழுக்காட்டுக் கணக்கிலும் 5 வாட் கிடைக்கும். சிறு விசிறியை ஓட்டி அடுப்புக்குக் காற்றூட்டிப் புகையைக் குறைக்கவோ, ஓர் எல்.இ.டி. விளக்கை ஏற்றவோ அது போதும். புகையில் கண் கலங்கும் தாய்மார்க்கு இது சிறு உதவியன்று.

இத்தகைய ஆய்வுக்குத் திண்டுக்கல் வட்டாரம் புறம்பானதன்று. சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் வித்திட்ட காந்திகிராமத்தில், 1956-இல் ஊரகக் கல்வி நிறுவனம் தோன்றி, 1976-இல் பல்கலைக்கழக நிலையை எய்தியது. கிராமத்தின் தேவையையும் கல்லூரியின் கல்வியையும் இணைப்பதே அதன் நோக்கம். சின்னாளபட்டிச் சாயக் கொப்பரையிலும் பித்தளை உலையிலும் எத்தனை டிகிரி வெப்பம், எத்தனை மணி நேரம், எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அளந்து அட்டவணையாக்க மாணவர்க்குப் பெருங்கருவி எதுவும் வேண்டா. வெப்பமானியும், கடிகாரமும், குறிப்பேடும் போதும். எந்த வெப்பநிலைக்கு எந்தப் பொருள் ஏற்றது என்னும் ஆராய்ச்சி அவ்வட்டவணையிலிருந்துதான் தொடங்க முடியும்.

இத்துறையின் வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. மின்சாரத்தை மிகுதியாக்கப் பாடுபட்ட காலத்தில் முன்னேற்றம் தேங்கிற்று. வெப்பம் வீணே ஓடும் வழியைக் கண்டு அதனை அடைத்தபோது முன்னேற்றம் பிறந்தது. ஆற்றலைப் பெருக்குவது மட்டுமே அறிவியலன்று. உள்ள ஆற்றல் எங்கே கசிகிறது எனப் பொறுமையுடன் தேடி, உண்மையாக அளந்து, நுட்பமாகத் தடுப்பதும் அறிவியலே. பூட்டுக்குப் பேர்பெற்ற ஊரின் பிள்ளைகள் இப்புதிய பூட்டையும் செய்யக் கற்றுக்கொள்வார்களாக.